வீட்டுத் தோட்டத்துக்கு மரவேலி: யூடியூப் வீடியோல சொல்லாத விஷயங்கள்

வெள்ளை பெயின்ட் அடிச்ச குட்டையான மரவேலி, உச்சியில கூர்கூரா சட்டங்கள், உள்ளே ரோஜா, நடுவுல ஒரு சின்ன கேட். இந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. நம்ம ஊர்லயும் புதுசா வீடு கட்டுறவங்க இப்போ முன்பக்கம் பத்தடி இடம் இருந்தா அதே மாதிரி ஒண்ணு வேணும்னு கேக்குறாங்க. "நீ இன்ஜினியரிங்தான படிக்கிற, நீயே செஞ்சு குடேன்" என்று வீட்டில் சொல்லிட்டா (எந்த டிபார்ட்மென்ட்னு யாரும் கேக்க மாட்டாங்க), நமக்கு முதல்ல கை போறது யூடியூப்புக்குத்தான்.

பிரச்சினை என்னன்னா, அந்த வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவில எடுத்தது. அவங்க பயன்படுத்துற சீடர், ரெட்வுட் எல்லாம் நம்ம மரவாடியில கிடைக்காது. குளிர்காலத்துல மண்ணு உறைஞ்சு உப்பி தூணை மேல தள்ளும்னுதான் அங்க பல இடத்துல குழியை அவ்வளவு ஆழமா தோண்டுறாங்க. திண்டிவனத்துல மண்ணு உறையாது. ஆனா இங்க கரையான் இருக்கு, நவம்பர் மழை இருக்கு, சில வருஷம் புயல் இருக்கு. வேலிக்கு எதிரி வேறயா இருக்கும்போது வேலியும் வேறயா இருக்கணும் இல்லையா? அதனால விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீட்டுக்கு இதை எப்படி யோசிக்கணும்னு எழுதுறேன்.

மரம் வாங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: இந்த வேலி யாரைத் தடுக்கணும்? கோழியைன்னா சட்டங்களுக்கு நடுவுல ரெண்டு இன்ச்சுக்கு மேல இடைவெளி இருக்கக் கூடாது, குஞ்சு இருந்தா இன்னும் குறைவு. ஆட்டைன்னா உயரம் முக்கியம். வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி வேலி மேல வெச்சு நின்னுதான் செம்பருத்தியைத் தின்னும், அதனால நாலடிக்குக் கீழ கட்டுனா அது வேலி இல்லை, ஆட்டுக்கு ஸ்டூல். எங்க ஆயா வீட்டுக் கனகாம்பரத்துக்கு எதிரி பக்கத்துத் தெரு ஆடுகள்தான். தெருவுல போறவங்க பார்வையை மறைக்கணும்னா மரவேலி தப்பான சாய்ஸ், ஏன்னு கீழ காத்துக் கணக்குல வரும். வெறும் அழகுக்குன்னா மூணடி போதும்.

அடுத்தது எல்லை. கிராமத்துல பாதி சண்டை வரப்புலயும் வேலியிலயும்தான் ஆரம்பிக்குது. பட்டா, சர்வே நம்பர் இருந்தா அந்த இடத்தோட எஃப்.எம்.பி. வரைபடத்தை எடுத்து, எல்லைக் கல் எங்க இருக்குன்னு பார்த்துட்டு, கல்லுல இருந்து அரையடி உள்ள தள்ளி நூல் பிடிங்க. அந்த அரையடி போச்சேன்னு வருத்தப்படாதீங்க. வேலியோட வெளிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்க நீங்க நிக்கவாவது இடம் வேணும். குழி தோண்டுறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டு அண்ணன்கிட்டயோ அத்தைகிட்டயோ ஒரு வார்த்தை சொல்லிடுங்க, கடப்பாரையைப் பார்த்த பிறகு சொன்னா அது வேற மாதிரி கேக்கும்.

"இதுக்குப் பேசாம ஹாலோ பிளாக் வெச்சு காம்பவுண்ட் கட்டிடலாமே" என்று வீட்டில யாராவது கண்டிப்பா சொல்வாங்க. நியாயமான கேள்வி. செலவு, ஆயுள் ரெண்டுலயும் சுவர் ஜெயிக்கலாம். ஆனா 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தப்போ, நம்ம மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. மழை கொட்டுச்சு. அரசூர்ல நெடுஞ்சாலை மேலயே தண்ணி ஓடுனதை மறந்திருக்க மாட்டீங்க. இந்த மாதிரி நாள்ல முழுச் சுவர் ஒரு குட்டி அணை. தண்ணிக்கு வழி விடாம கட்டுன சுவர் ஒண்ணு உள்ள தேக்கி வைக்கும், இல்லைன்னா ஒரு பக்கம் அழுத்தம் ஏறி மொத்தமா சாயும். மரவேலி வழியா தண்ணி பாட்டுக்குப் போயிடும். தாழ்வான இடத்துல வீடு இருக்குறவங்க அழகை விட இந்தக் காரணத்துக்காகவே இடைவெளி விட்ட வேலியை யோசிக்கலாம்.

இப்போ மரம். விழுப்புரத்துல இருந்து திண்டிவனம் வரைக்கும் பஸ்ல ஜன்னல் சீட்ல உட்கார்ந்து வந்தீங்கன்னா உங்களுக்கான பாதி கேட்லாக் வெளியவே ஓடும். பனை, வேம்பு, சீமைக்கருவேலம், கிழக்கே மரக்காணம் பக்கம் திரும்பினா சவுக்கு. திண்டிவனம்ங்கிற பேரே திந்திரிணி வனத்துல இருந்து வந்ததுன்னு சொல்வாங்க, அதாவது புளியங்காடு.

சவுக்கு நம்ம மாவட்டத்தோட மரம்னு நாம நினைக்கிறோம், ஆனா அது வந்தேறி. தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா பக்கத்து மரம். 19-ஆம் நூற்றாண்டுல ரயில் இன்ஜினுக்கு விறகு வேணும்னு வெள்ளைக்காரங்க சென்னை மாகாணத்துக் கடலோரத்துல தோப்புத் தோப்பா போட ஆரம்பிச்சாங்க. மணல்ல கூட வளரும், வேர் முடிச்சுல இருக்கிற நுண்ணுயிர் காத்துல உள்ள நைட்ரஜனை இழுத்துக் குடுக்கும், சில வருஷத்துலயே வெட்டுக்கு வந்துடும். ரயில் நிலக்கரிக்கு மாறின பிறகு பேப்பர் மில்லும், கட்டடச் சாரமும், கல்யாணப் பந்தலும் அதை எடுத்துக்கிச்சு. நேரா இருக்கும், பக்கத்துலயே கிடைக்கும். வேலிக்கு இதை விட என்ன வேணும்னு தோணும். ஆனா சவுக்குல ரெண்டு குணம் உண்டு. காயும்போது நீளவாக்குல பிளக்கும். மண்ணுக்குள்ள வெச்சா கரையானுக்கு விருந்து. சாரத்துக்கும் பந்தலுக்கும் அது சரியா வரக் காரணமே, அங்க அது சில நாளோ சில மாசமோதான் நிக்கணும்ங்கிறதுதான். அதனால சவுக்கை மண்ணுக்கு மேல குறுக்குக் கழியா போடுங்க, தூணா நடாதீங்க.

தேக்கு நல்லது, ஆனா "தேக்கு"ன்னு பேர் இருந்தா மட்டும் பத்தாது. இளந்தேக்குல வெளிப்பக்கம் வெளுப்பா ஒரு வளையம் இருக்கும். கரையானைத் தாங்குற சத்து உள்ள இருக்கிற சேகுலதான். வைரம் பாய்ஞ்ச கட்டைன்னு பெரியவங்க சொல்றாங்களே, அதுதான். மரவாடியில கட்டையோட வெட்டு முகத்தைப் பாருங்க, நடுவுல கருத்த பகுதி எவ்வளவுன்னு. வெளுப்பு அதிகமா இருந்தா தேக்கு விலை குடுத்து சாதா மரம் வாங்குறீங்க. வேம்பு ஓரளவு தாக்குப் பிடிக்கும். சீமைக்கருவேலத்தை நாம திட்டிக்கிட்டே இருந்தாலும் அதோட சேகு மண்ணுல நல்லாவே நிக்கிற மரம், ஆனா நேரான துண்டு கிடைக்கிறது லாட்டரி. பனையை வெட்டணும்னு யோசிக்காதீங்க. 2021 வேளாண் பட்ஜெட்ல அரசு அறிவிச்சபடி பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேணும். பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கிறவங்ககிட்ட பனங்கை கிடைச்சா மட்டும் விடாதீங்க. பல வருஷம் கூரைக்குக் கீழ காஞ்ச மரம், இனிமே முறுக்கிக்காது.

எந்த மரமா இருந்தாலும் மரவேலி செத்துப் போறது ஒரே இடத்துலதான்: தரை மட்டத்துல. பழைய வேலித் தூணைப் பிடுங்கிப் பாருங்க. மேல நல்லா இருக்கும். அடியில ரெண்டடி ஆழத்துல இருந்ததும் சில சமயம் நல்லாவே இருக்கும். நடுவுல தரையை ஒட்டுன நாலு இன்ச் மட்டும் பென்சில் சீவின மாதிரி மெலிஞ்சு போயிருக்கும். ஏன்?

மரத்தை அரிக்கிற பூஞ்சைக்கு மூணு விஷயம் வேணும்: சாப்பாடு, ஈரம், ஆக்சிஜன். சாப்பாடு மரமே. மரத்துல ஈரம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா அதால வளர முடியாது, அதனால வெயில் காயுற மேல்பகுதி தப்பிக்குது. ஆழத்துல ஈரம் இருக்கு, காத்து குறைவு. தரை மட்டத்துலதான் ரெண்டும் சேர்ந்து கிடைக்குது. கரையானும் அதே வழியாத்தான் மண்புத்து கட்டி மேல ஏறும்.

இதுக்கு நம்ம மாவட்டத்துலயே ஒரு சாட்சி இருக்கு. திருவக்கரை கல்மரப் பூங்காவுக்கு ஸ்கூல் டூர் போயிருப்பீங்க, பஸ்ல பாட்டு போட்டதுதான் ஞாபகம் இருக்கும். அங்க படுத்துக் கிடக்கிற மரங்கள் சுமார் 2 கோடி வருஷம் பழசு. வெள்ளத்துல அடிச்சுட்டு வந்து, மக்குறதுக்குள்ள மணல்ல புதைஞ்சு போச்சு. ஆக்சிஜன் இல்லாததால அரிக்க ஆள் இல்லை. மெதுவா சிலிக்கா கலந்த தண்ணி செல்லுக்குள்ள இறங்கி, வளையம் கூட அழியாம கல்லாயிடுச்சு. 2 கோடி வருஷம் தாங்குன மரமும், நாலு வருஷத்துல விழுற வேலியும் ஒரே மாவட்டத்துலதான் இருக்கு. நடுவுல இருக்கிற வித்தியாசம் காத்தும் தண்ணியும் சேர்ந்ததா இல்லையாங்கிறதுதான்.

அப்போ டிசைன் கேள்வி இப்படி மாறுது: தரை மட்டத்துல மரமே இல்லாம பண்ண முடியுமா?

முடியும். எனக்குப் பிடிச்ச வழி கல்லுக்கால். திண்டிவனம், மயிலம், திருவக்கரைச் சுத்து வட்டாரத்துல கல் குவாரிக்குப் பஞ்சமே இல்லை. கொல்லைகளுக்குக் கம்பி வேலி போடுறவங்க நடுற அதே கருங்கல் தூண்தான். ஆறடிக் கல்லை ரெண்டடி மண்ணுக்குள்ள இறக்கி, மேல நாலடியில ரெண்டு இடத்துல ஓட்டை போட்டு, ஜி.ஐ. போல்ட் வெச்சு மரச் சட்டத்தை மாட்டிடலாம். கீழ்ச்சட்டம் தரையில இருந்து மூணு நாலு இன்ச் மேலயே நிக்கட்டும். கரையான் ஏறணும்னா கல்லு மேல வெளிப்படையா புத்து கட்டித்தான் ஏறணும், வாரம் ஒரு முறை பார்த்தாலே தெரிஞ்சிடும். மரம் கெட்டுப் போனாலும் தூணைத் தோண்ட வேண்டாம், சட்டத்தை மட்டும் மாத்திக்கலாம். மெக்கானிக்கல் பசங்க இதை ரிப்ளேசபிள் பார்ட்ன்னு சொல்வாங்க.

ரெண்டாவது வழி ரொம்பப் பழசு: தூணையே உயிரோட வைக்கிறது. யாழ்ப்பாணத்துல இதுக்குப் பேர் கதியால். கிளுவை, பூவரசு, கிளிரிசிடியா மாதிரி மரங்களோட போத்தை மழைக்கு முன்னாடி வரிசையா நட்டு, அது வேர் பிடிச்ச பிறகு அதுல கிடுகையோ பனை ஓலையையோ வரிஞ்சு கட்டுவாங்க. நம்ம பக்கமும் கிளுவை வேலி நிறைய இருந்துச்சு. உயிரோட இருக்கிற மரத்தைப் பூஞ்சையும் கரையானும் சுலபமா தொட முடியாது, அதுக்கு சொந்தமா ஒரு செக்யூரிட்டி சிஸ்டம் இருக்கு. வெட்டிவிட்ட தழை ஆட்டுக்குத் தீவனம், வயலுக்கு உரம். வருஷா வருஷம் வெட்டிவிடணும், தூண் கொஞ்சம் வளைஞ்சு நெளிஞ்சு இருக்கும், அது மட்டும்தான் தொந்தரவு. போல்ட் போட்டு சட்டம் மாட்டக் கூடாது, மரம் பருக்கும்போது சட்டத்தை இழுத்துடும். கயித்துலதான் கட்டணும்.

இல்லைங்க, எனக்கு மரத்தூண்தான் வேணும்னா, மருந்து அடிக்காம நடாதீங்க. மரப் பாதுகாப்புக்கு இந்தியாவில தனி ஸ்டாண்டர்டே இருக்கு, ஐ.எஸ். 401. தொழிற்சாலையில பிரஷர்ல ஏத்துற சி.சி.ஏ.ங்கிற செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலவை பல வருஷம் காக்கும். ஆனா அதுல ஆர்செனிக் இருக்குன்னு அமெரிக்காவில 2003 கடைசியோட வீட்டு உபயோக மரத்துக்கு அதை நிறுத்திட்டாங்க. கீரைப் பாத்தி பக்கத்துல அது வேண்டாம். நமக்குப் பக்கத்துலயே பண்ருட்டியில முந்திரி உடைக்கிறாங்க. அந்த ஓட்டுல இருந்து எடுக்கிற முந்திரி ஓட்டு எண்ணெயைப் படகுக்கும் மரத்துக்கும் பூசுறது பழைய வழக்கம், கரையான் கிட்ட வராது. கையில பட்டா தோல் வெந்துடும், அதனால ரப்பர் கிளவுஸ் இல்லாம தொடாதீங்க. பழைய இன்ஜின் ஆயிலை ஊத்துறதைப் பல இடத்துல பார்க்கலாம். காசு மிச்சம், உண்மைதான். ஆனா அதுல இருக்கிற உலோகக் கழிவு நேரா உங்க தோட்டத்து மண்ணுக்குத்தான் போகும்.

ஒரு முக்கியமான விஷயம். மரம் தண்ணி குடிக்கிறது பெரும்பாலும் வெட்டு முகத்து வழியாத்தான், பக்கவாட்டுல ரொம்பக் குறைவு. மரம்ங்கிறது ஒரு கட்டு ஸ்ட்ராவை சேர்த்து ஒட்டின மாதிரி. அதனால எண்ணெயோ பெயின்டோ பட்டையில ஒரு கோட் அடிச்சா வெட்டு முனையில மூணு கோட் அடிங்க. வேலிச் சட்டத்தோட உச்சியைக் கூரா வெட்டுறது வெறும் ஸ்டைல்னு நினைச்சிருப்பீங்க. தட்டையா விட்டா மழைத் தண்ணி அந்த ஸ்ட்ரா வாய்லயே தேங்கி நிக்கும், கூரா வெட்டினா வழிஞ்சு ஓடிடும். அதுதான் அந்த டிசைனோட வேலை. தூணைச் சுத்திக் கான்கிரீட் போட்டாலும் அப்படித்தான், மேற்பரப்பு வெளிப்பக்கம் சரிவா இருக்கணும். கிண்ணம் மாதிரி விட்டா நீங்களே தூணுக்குத் தண்ணித் தொட்டி கட்டிக் குடுத்த மாதிரி.

காத்துக் கணக்குக்கு வருவோம். சிவில் பசங்களுக்கு ஐ.எஸ். 875 மூணாவது பாகம் தெரியும். நம்ம கடலோரப் பகுதிக்கு அடிப்படைக் காத்து வேகம் நொடிக்கு 50 மீட்டர். மத்த ஃபேக்டரையெல்லாம் ஒண்ணுன்னு வெச்சுக்கிட்டா அழுத்தம் 0.6 × 50 × 50, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன். சும்மா ஒரு பேச்சுக்கு 150 கிலோ. ஆறடி அகலம், நாலடி உயரம் உள்ள முழுசா மூடின பேனல் சுமார் 2.2 சதுர மீட்டர். அப்போ அதுமேல 330 கிலோவுக்கு மேல தள்ளுது, ரெண்டு பேர் பைக்ல உட்கார்ந்து வந்து சாயுற மாதிரி. சட்டத்துக்கு சட்டம் சம இடைவெளி விட்டா ஏறக்குறைய பாதியாயிடும். பார்வையை மறைக்க மரவேலி தப்பான சாய்ஸ்னு முதல்ல சொன்னது இதனாலதான். 2011 டிசம்பர் 30 அன்னைக்கு தானே புயல்ல காத்து மணிக்கு சுமார் 140 கிலோமீட்டர். நம்ம 50 மீட்டர்ங்கிறது மணிக்கு 180. அதனால இந்தக் கணக்கு கொஞ்சம் பயந்த கணக்குதான், ஆனா தானே வந்தப்போ இந்தப் பக்கம் முந்திரி, பலா எல்லாம் எப்படி சாஞ்சுதுன்னு வீட்டில பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க.

தூண் மூணு இன்ச் போதுமா, நாலு இன்ச் வேணுமா? சதுரக் கட்டையோட வளைவைத் தாங்குற திறன் பக்கத்தோட கனத்துக்கு ஏத்த மாதிரி கூடும். மூணுல இருந்து நாலுக்குப் போனா 64-ஐ 27-ஆல வகுக்கணும், கிட்டத்தட்ட 2.4 மடங்கு. மரம் கூடுறது 1.8 மடங்குதான். மேல சொன்ன பேனலை இடைவெளி விட்டு மாட்டினா, மூணு இன்ச் தூண்ல தரை மட்டத்து அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 14 நியூட்டன் வருது, நாலு இன்ச்சுல 6-க்குள்ள அடங்குது. கவனிச்சீங்களா, காத்து அதிகமா வளைக்கிற இடமும் தரை மட்டம்தான், பூஞ்சை அரிக்கிற இடமும் அதேதான். நாலு இன்ச் தூண் அரிச்சு அரிச்சு மூணு இன்ச் ஆச்சுன்னா பலத்துல பாதிக்கு மேல போச்சு. வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஒரு மழை ராத்திரியில மொத்தமா படுத்துடும்.

செய்முறை நீங்க நினைக்கிறதை விட சுலபம். ரெண்டு கடைசித் தூணை முதல்ல நட்டு, நடுவுல நூல் கட்டி, மத்ததை அந்த நூல்ல நிறுத்துங்க. நீளத்துல மூணுல ஒரு பங்கு மண்ணுக்குள்ள. ஒவ்வொண்ணுக்கும் தூக்குகுண்டு பிடிங்க, ஒரு பக்கம் மட்டும் பார்க்காதீங்க, அடுத்தடுத்த ரெண்டு பக்கமும். சட்டத்துக்கு ரெண்டு இன்ச் ரீப்பர் போதும். இடைவெளியை ஒவ்வொரு தடவையும் டேப் வெச்சு அளக்காம, அதே அளவுல ஒரு துண்டுக் கட்டையை நடுவுல வெச்சு வெச்சு அடிச்சா கண்ணை மூடிக்கிட்டு சமமா வரும். இதை எனக்குச் சொன்னது எங்க தெரு ஆசாரி. "தம்பி, டேப்புல நூல் கணக்கு பார்த்தா பத்தாவது சட்டத்துல அரை இன்ச் தள்ளிடும். கட்டைக்குக் கணக்கே தெரியாது, அதனால தப்பாது" என்றார். எரர் அக்யுமுலேஷன்னு நாம மூணாவது செமஸ்டர்ல படிச்சது இதுதான்.

முனையில ஆணி அடிக்கிறதுக்கு முன்னாடி சின்ன பிட்ல ஓட்டை போட்டுக்கோங்க, இல்லைன்னா ரீப்பர் பிளக்கும். ஆணி, ஸ்க்ரூ எல்லாம் ஜி.ஐ. மரக்காணம் பக்கம் உப்புக் காத்து இருந்தா ஸ்டெயின்லெஸ். பச்சை மரத்துல வேலையை ஆரம்பிக்காதீங்க. மரம் வளையத்தை ஒட்டின திசையில சுருங்குறது, நடுவுல இருந்து வெளிய போற திசையில சுருங்குறதைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதனாலதான் பலகை குழிஞ்சு வளையுது. நிழல்ல காத்துப் படுற மாதிரி அடுக்கி, நடுவுல குச்சி வெச்சு சில வாரம் காய விடுங்க.

டெகரேஷன்னா வெள்ளை பெயின்ட் மட்டும்தான்னு இல்லை. நம்ம பழைய படலைப் பாருங்க, மூங்கில் பிளாச்சை ஒண்ணு விட்டு ஒண்ணு முடைஞ்சது. தூண் கல்லு, சட்டம் தேக்கு, நடுவுல முடைஞ்ச மூங்கில்னு போட்டா எந்த வீடியோவுலயும் இல்லாத வேலி உங்களுக்கு. மூங்கிலை போராக்ஸ், போரிக் ஆசிட் கலந்த தண்ணியில ஊற வெச்சுட்டா பூச்சி அரிக்காது. ஆனா அந்த உப்பு மழையில கரைஞ்சு போயிடும், அதனால மேல வார்னிஷ் கட்டாயம். மூங்கில் வேலையைக் கத்துக்கணும்னா ஆரோவில் மூங்கில் மையம் நம்ம மாவட்டத்துலயே இருக்கு.

கடைசியா கேட். அழகா கட்டின வேலியில முதல்ல தொங்குறது கேட்தான், ஏன்னா அது ஒரு பக்கம் மட்டும் பிடிச்ச கேன்டிலீவர். நாலு சட்டம் சேர்ந்த செவ்வகம் எடை தாங்காம இணைகரம் ஆயிடும். குறுக்கே ஒரு சட்டம் போட்டா முக்கோணமாகி நிக்கும், ட்ரஸ் படிச்ச எல்லாருக்கும் தெரியும். ஆனா எந்தத் திசையில? கீல் இருக்கிற பக்கத்துல கீழ் மூலையில ஆரம்பிச்சு, தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலைக்கு ஏறணும். அப்போ தொங்குற எடை அந்தச் சட்டத்தை அழுத்தி கீழ்க் கீலுக்குக் கொண்டு போகும், மரம் அழுத்தத்தை நல்லா தாங்கும். திருப்பிப் போட்டா அது இழுவிசை, மொத்த எடையும் ரெண்டு ஆணியைப் பிடிச்சு இழுக்கும். இனிமே பஸ்ல போகும்போது ரோட்டோரக் கேட்டைப் பாருங்க, பாதி தலைகீழாத்தான் இருக்கும்.